ஒலுவிற் கரையில் ஓர் இடம் கொடுங்கள்!

கூரை போட்டுக் கொடுத்துவிட்டால் மக்களைக் குடியமர்த்திவிட்டதாக எண்ணும் மயக்கம் நம் ஆளவந்தார்க்கு நெடுநாளாக உண்டு. சுவர் எழுப்பினோம், கதவு பூட்டினோம், சாவி கொடுத்தோம், படம் பிடித்தோம். அத்துடன் கடமை முடிந்தது என்பது அவர்களது கணக்கு. சாவியைப் பெற்றுக்கொண்டு உள்ளே சென்ற மனிதன் மாலையில் எங்கே காலாற நடப்பான், அவன் பிள்ளை எங்கே பட்டம் விடும், முற்றமுள்ள வீட்டிலிருந்து அவனோடு கூட வந்த ஆடும் பூனையும் நாயும் எங்கே மண்ணை மிதிக்கும் என்ற வினாக்கள் அந்தக் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. இடம்பெறாத அந்த வினாக்களையே இவ்வாரம் நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கோத்த முத்துகள்போல் ஊர்கள் கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீட்டோடு வீடு முட்ட, வேலியோடு வேலி உரச மக்கள் வாழ்கின்றனர். நிலம் வளர்வதில்லை, குடும்பம் வளர்கின்றது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கமுள்ள இம்மண்ணில் ஒரு வளவு இரண்டாகி, இரண்டு நான்காகி, ஈற்றில் கிணற்றடியும் மாமரமும் மறைந்து சுவர்களே எஞ்சுகின்றன. வளவை இழந்த அம்மக்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே முற்றம் கடற்கரைதான்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் அந்த முற்றமே எமனாயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுசென்றது. இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிரிழப்பைக் காணவில்லை. அதன்பின், கரையோரத்தில் வீடு கட்டலாகாது என்று கோடு கிழித்தனர். கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றனர், பின்னர் குறைத்தனர். கல்முனைப் பகுதியில் ‘65 மீற்றர்’ என்னும் அளவு ஊர்ப்பேச்சில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்காக உட்புறத்திலே குடியிருப்புகள் எழுந்தன. சாய்ந்தமருதில் பொலிவேரியன் குடியேற்றம் உருவாயிற்று. கல்முனையில் கிறீன் பீல்ட் முதலிய தொடர்மாடிகள் உயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக மண்ணிலே கால்வைத்துப் பழகிய ஒரு சமூகம், வாழ்வில் முதன்முறையாகப் படியேறி வீட்டுக்குப் போகக் கற்றுக்கொண்டது.

தொடர்மாடி வாழ்வை நாம் இகழவில்லை. நிலம் சுருங்கிய நாட்டில் வீடு வானை நோக்கித்தான் வளரவேண்டும். ஆயின், மாடிக்கு ஏறியவர்கள் தம் பழக்கங்களைக் கீழே விட்டுவிட்டு ஏறவில்லை என்பதை ஆட்சியாளர் உணரவேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று சில மாதங்களுக்கு முன்பே ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி, பிள்ளைகள் அதற்குக் குழை பறித்துப் போட்டு வளர்ப்பது இவ்வூர்களின் வழக்கம். அடுப்படியிலே படுத்துறங்கும் பூனை வீட்டாரில் ஒருவர். கூண்டுக்கிளியும் புறாவும் இளைஞரின் உயிர். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் உள்ள தமிழர் இல்லங்களில் வாயிலைக் காக்கும் நாய் வழிவழி வந்த துணை. முற்றம் இருந்தபோது இவையெல்லாம் முற்றத்தில் வாழ்ந்தன. முற்றம் போனபின் இவை படிக்கட்டிலும் நடைகூடத்திலும் வாழ்கின்றன. விளைவு என்ன? மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சச்சரவு. நாற்றத்தைப் பற்றிய முறைப்பாடு. ஈற்றில் ஒருநாள் இரவோடிரவாகச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விடப்படும் பூனைக்குட்டிகள். குற்றம் பூனையினுடையதா? பூனை வளர்த்த பிள்ளையினுடையதா? முற்றமில்லாத வீட்டை வரைந்தவருடையது என்றே நாம் கூறுவோம்.

“அரிசி விலையும் எரிபொருள் விலையும் ஏழையின் கழுத்தை நெரிக்கும் காலத்தில், நாய்க்கும் பூனைக்கும் உலாப்போக இடம் கேட்கின்றீர்களே!” என்று எள்ளி நகையாடுவோர் இருப்பர். அவர்களுக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தோட்டமும் காவலாளியும் உள்ள மாளிகைவாசி பொதுத்திடலைத் தேடி வருவதில்லை. அவனது திடல் அவன் மதிலுக்குள்ளேயே இருக்கின்றது. பொதுத்திடலைத் தேடி வருபவன், ஓர் அறையில் அறுவர் படுத்தெழும் ஏழையே. நுழைவுக் கட்டணமின்றி, உடைச்சோதனையின்றி, எவரிடமும் தலைசொறியாமல் அவன் தன் குடும்பத்தோடு அமரத்தக்க இடம் கடற்கரை ஒன்றுதான். அரிசி கேட்பது வயிற்றின் உரிமையானால், காற்றுக் கேட்பது நெஞ்சின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது வஞ்சகம்.

இந்த உரிமையை நம்மை அடிமைகொண்ட வெள்ளையனே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கின்றான். கொழும்புக் காலி முகத்திடலின் கடலோர நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பு மாநகரின் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லிலே பொறித்து வைத்தார். அக்கல் இன்றும் நிற்கின்றது. அவர் எண்ணிய பெண்கள் எந்த வகுப்பினர் என்பது வேறு கதை. ஆயினும், அந்தத் திடல் காலப்போக்கில் எல்லோருடைய திடலாயிற்று. 2022 ஏப்ரலில் நாட்டு மக்கள் தம் ஆற்றாமையைக் கொட்டித்தீர்க்க ஒன்றுகூடியதும் அங்கேதான். மாநகரத்துக்கு ஒரு திடல் 1859 இலேயே தேவைப்பட்டது என்றால், கல்முனைக் கரைக்கு இக்காலத்திலும் தேவையில்லையா எனக் கேட்கின்றோம்.

தேவைதான். அதற்கான இடமும் கண்முன்னே கிடக்கின்றது. அதுவே ஒலுவில் துறைமுகம்.

ஒலுவில் துறைமுகத்தின் வரலாறு இப்பகுதி மக்களின் நம்பிக்கையின் வரலாறு. ஏமாற்றத்தின் வரலாறும் அதுவே. 1994 இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராகிய மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவுகளுள் இரண்டு ஒலுவில் மண்ணில் வேரூன்றின. ஒன்று, 1996 இல் முழுமைபெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம், மற்றது துறைமுகம். 2000 செப்டெம்பர் 16 இல் அவர் வானூர்தி விபத்தில் மறைந்தார். துறைமுகம் உருப்பெறுவதைக் காண அவர் இருக்கவில்லை. 2008 இல் டென்மார்க் நாட்டின் வட்டியில்லாக் கடனாக ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ பெற்று வேலை தொடங்கப்பட்டது. 2013 செப்டெம்பர் 1 ஆம் நாள் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ துறைமுகத்தைத் திறந்துவைத்தார். கொடிகள் பறந்தன, மேளங்கள் முழங்கின. சரக்குக் கப்பல்கள் அணிவகுக்கும் என்றனர். ஆயிரமாயிரம் இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்றனர்.

கப்பல் வரவில்லை, மணல் வந்தது. இக்கரையில் கடலோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாது சுமந்துசெல்லும் இயல்புடையது. அதன் குறுக்கே கருங்கல் அலைத்தடுப்பை நீட்டினால், சுமைவண்டியை மறித்ததுபோல மணல் தெற்கே தேங்கும், வாயிலை அடைக்கும். மணல் கிடைக்காத வடகரையையோ அலை அரித்துத் தின்னும். அதுவே நடந்தது. துறைமுக வாய் மீண்டும் மீண்டும் மணலால் மூடிக்கொண்டது. மீனவரின் படகுகள் உள்ளே செல்லவும் வெளியே வரவும் தடுமாறின. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுத்த வெண்மணற்பரப்பு காணாமற்போயிற்று. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே கரையாயின. துறைமுகத்துக்குக் காணி கொடுத்தோர் இழப்பீட்டுக்காக நெடுங்காலம் அலைந்தனர். ஊர்மக்கள் காணியைக் கொடுத்தனர், கரையைக் கொடுத்தனர், பெற்றது என்ன?

இந்த நெடுங்கணக்கை இங்கே நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கரையைப் பறித்த திட்டம், மக்களுக்கு ஒரு கரையைத் திருப்பித் தரக் கடன்பட்டிருக்கின்றது. வடக்கே தின்ற மணலைத் தெற்கே கடல் கொண்டுவந்து குவித்திருக்கின்றது. துறைமுகத்தின் தென்புறத்தே விரிந்து கிடக்கும் அம்மணற்பரப்பு, எந்த ஒப்பந்தக்காரரும் கட்டாத, எந்தக் கடனும் வாங்காத, கடல் தானாகவே கட்டிய திடல். வெளிச்சவீடு நிற்கின்றது, பாதை இருக்கின்றது, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஓடும் பேருந்துகள் ஒலுவிற் சந்தியைத் தாண்டியே செல்கின்றன. துறைமுகத்தின் அழகைக் காணப் பெருநாள் மாலைகளில் மக்கள் திரள்வதும் புதிதன்று. ஆயின், அதிகார சபையின் எல்லைக்குள் மக்கள் செல்வது அனுமதியால், உரிமையால் அன்று. இன்று விடுவார்கள், நாளை தடுப்பார்கள். பெண்களுக்குக் கழிப்பறை இல்லையேல், அந்தி சாய்ந்தபின் விளக்கு இல்லையேல், குழந்தைகளை அலையிலிருந்து காக்க ஆள் இல்லையேல், அது உலாவும் இடம் ஆகாது. உயிரைப் பணயம் வைக்கும் இடமே ஆகும்.

வளர்ப்பு விலங்குகளையும் அங்கே கொண்டுசெல்ல ஒழுங்கு வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அது உலகில் எங்கும் காணாத புதுமை என்று எவரும் மலைக்கவேண்டா. ஏறத்தாழப் பத்தில் எட்டுப்பேர் அரசு கட்டிய தொடர்மாடிகளில் வாழும் சிங்கப்பூரில், 1989 முதல் அவ்வீடுகளில் பூனை வளர்ப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. மக்கள் மறைத்து வளர்த்தனரேயன்றி விடவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், 2024 செப்டெம்பர் 1 முதல், வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்கலாமென்று அவ்வரசு விதியை மாற்றிக்கொண்டது. அந்நகரின் பீஷான் பூங்காவில் நாய்கள் ஓடியாடத் தனியே வேலியிட்ட இடமுண்டு. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் பட்டியிட்டு நாயை அழைத்துச் செல்லலாம். இந்தியாவில் விலங்கு நல வாரியம் 2015 இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ப்பு விலங்குகளைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்ய முடியாதென்றும், மின்தூக்கியில் ஏற்ற மறுக்க முடியாதென்றும் கூறியது. பூங்காவில் அவற்றுக்கென நேரத்தை வகுத்துக்கொள்ளலாமென்றும் வழிகாட்டியது. இந்நாடுகளில் தடை தோற்றது, ஒழுங்கு வென்றது. இதுவே நாம் கற்கவேண்டிய பாடம்.

இனி, நம் மண்ணுக்கே உரிய ஒரு நுட்பமான செய்திக்கு வருவோம். முஸ்லிம் ஊர்களில் நாயை முன்வைத்துப் பேசுவது எளிதன்று. ஷாஃபிஈ வழி நிற்கும் இம்மக்கள், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழுமுறை கழுவவேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்து கழுவவேண்டும் என்ற நெறியைப் பேணுபவர்கள். தொழுகைக்கான தூய்மை அவர்களுக்கு உயிரினும் மேலானது. அந்த உணர்வை மதியாத எந்தத் திட்டமும் இங்கே நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. அதே வேளையில், தாகத்தால் நாவறண்டு கிடந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவன் இறைவனின் மன்னிப்பைப் பெற்றான் என்று சிறுவருக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் இதே மக்கள்தாம். நபித்தோழர் ஒருவர் பூனைக்குட்டியின் மீது கொண்ட அன்பால் அபூஹுரைரா என்ற பெயரையே பெற்றார் என்பதை அறியாத பிள்ளை இவ்வூர்களில் இல்லை. விலங்கை வெறுக்கும் சமயம் அன்று அது. விலங்குக்கும் மனிதனுக்கும் உரிய இடத்தை வகுக்கும் சமயம். நாமும் கேட்பது இடம் வகுத்தலையே. குடும்பங்கள் அமரும் பகுதியும் தொழும் பகுதியும் ஒருபுறம். நாயோடு வருவோர் நடக்கும் பகுதி, போதிய தொலைவில், காற்றுப்போக்கும் பார்த்து, மறுபுறம். இவ்வாறு வகுத்துவிட்டால் பாண்டிருப்புத் தமிழனின் நாய் மருதமுனை முஸ்லிமின் பாயை மிதிக்கப்போவதில்லை.

செயலகத்துக்கு எல்லைக்கோடு எங்கே என்று கல்முனையில் இரு சமூகங்களும் ஆண்டுக்கணக்காய் வாதிட்டு வருகின்றன. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க இக்கட்டுரையை நாம் எழுதவில்லை. ஒன்றைமட்டும் சொல்வோம்: நிலத்துக்குக் கோடு கிழிக்கலாம், கடற்காற்றுக்குக் கோடு கிழிக்க முடியாது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும்போது எத்தனை ஊர் மக்கள் அக்கரையில் திரள்கின்றனர்! பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பின்போது எத்தனை திரள்! இத்துணைப் பெருங்கூட்டத்தை இப்பகுதி மக்கள் வழிவழியாக ஒழுங்குசெய்து பழகியவர்கள். விழா நாளில் முடிவது வார இறுதியில் முடியாதா? மாதம் ஒருமுறையேனும் ஒலுவிற் கரையில் பட்டம் விடும் போட்டியும், கிளி, புறா, ஆடு வளர்ப்போரின் கூடலும், கால்நடை வைத்தியரின் தடுப்பூசி முகாமும் நடக்குமானால், அரசியல் மேடைகள் பிரித்த மக்களை ஓர் ஆட்டுக்குட்டி ஒன்றுசேர்த்துவிடும்.

தடுப்பூசி என்றோம், அதனை விளையாட்டாக எவரும் கொள்ளலாகாது. 1973 இல் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இட்டதன் பயனாக அந்தத் தொகை பின்னர் பெரிதும் குறைந்தது. ஆயினும், நோய் கண்டபின் பிழைத்தோர் அரிதினும் அரிது என்பதால் ஒரு சாவுகூட மிகையே. பூனைக்கடியாலும் இந்நோய் வரும். ஆகவே, தடுப்பூசி அட்டை இல்லாத நாயும் பூனையும் பொதுக்கரைக்கு வரக்கூடாது என்று விதி செய்யட்டும், நாம் வரவேற்போம்.

உரிமை கேட்கும் வாயால் கடமையையும் சொல்லியாக வேண்டும். கரைக்கு வருபவன் கடலை உறையையும் பிளாஸ்ரிக் போத்தலையும் மணலில் வீசிவிட்டுப் போவானானால், அவனுக்குக் கரை கேட்க நமக்கு என்ன தகுதி? அந்தக் குப்பை எங்கே செல்கின்றது என்று அவன் எண்ணிப் பார்த்ததுண்டா? இதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில், பிளாஸ்ரிக் கழிவைத் தின்று எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மாண்ட செய்தியை 2022 இன் தொடக்கத்தில் உலகமே படித்துத் திடுக்கிட்டது. வீட்டுப் பூனைக்குப் பால் வார்த்துவிட்டுக் காட்டு யானைக்கு நஞ்சு வைப்பது எந்த வகையான அன்பு? நாயைக் கொண்டுவருபவன் அதன் எச்சத்தை அள்ளும் பையையும் கொண்டுவரட்டும். கழுத்துப்பட்டி இல்லாமல் எந்த நாயும் மணலில் இறங்கவேண்டா. கரையைத் தன் வீட்டு முற்றமாகக் கொள்பவன் அதைக் கூட்டவும் கடமைப்பட்டவன்.

மீனவரின் உரிமை அனைத்திலும் முந்தியது. வலை காயும் மணலில் எவரும் விளையாடலாகாது. தோணி இறங்கும் வழியில் எவரும் வண்டி நிறுத்தலாகாது. கடலை நம்பி உண்பவனுக்கு முதலிடம். கடலைக் கண்டு மகிழ்பவனுக்கு அடுத்த இடம். மாலை உலாவுக்கென்று மீனவரின் வாடி ஒன்றை அகற்ற எவரேனும் முனைவாராயின், அவரை முதலில் எதிர்ப்பவர்கள் நாமாகவே இருப்போம்.

நாம் கேட்பவை இவை. முதலாவது, துறைமுகத்தின் தென்கரையில் அலைத்தடுப்புப் பாறைகளிலிருந்து பாதுகாப்பான தொலைவில் ஒரு பகுதியை அளந்து, பொதுமக்களுக்குரிய திடலென இலங்கைத் துறைமுக அதிகார சபை எழுத்திலே விட்டுக்கொடுக்கட்டும். இரண்டாவது, விளக்கு, குடிநீர், பெண்களுக்கான கழிப்பறை, உயிர்காப்பாளர் ஆகியவற்றை அட்டாளைச்சேனைப் பிரதேச சபை பொறுப்பேற்கட்டும். கல்முனை மாநகர சபையும் அயற்சபைகளும் செலவில் பங்குகொள்ளட்டும். மூன்றாவது, அரச கால்நடை வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அங்கே குறித்த நாளில் தடுப்பூசி முகாம் நடத்தட்டும். நான்காவது, திடலின் விதிகளை வகுக்கும் குழுவில் பள்ளிவாசல்களும் கோயில்களும் மீனவர் சங்கங்களும் தொடர்மாடிக் குடியிருப்போரும், குறிப்பாகப் பெண்களும், இடம்பெறட்டும். ஐந்தாவது, இனி இக்கரையில் எழும் எந்தத் தொடர்மாடியும், பிள்ளைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் உரிய மண்தரை இன்றி எழலாகாதென்று கட்டட அனுமதியிலேயே விதிக்கட்டும்.

இவற்றுள் எதற்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. கொடியும் மேளமும் வேண்டியதில்லை. ஒரு கையெழுத்தும் சில விளக்குக் கம்பங்களும் மனமும் இருந்தாற் போதும். கப்பலுக்கென்று கட்டிய இடத்தில் கப்பல்கள் என்று நிறைகின்றனவோ அன்று நாமும் மகிழ்வோம். அதுவரையில், அந்த மணலைக் காற்றுக்கும் காவலாளிக்கும் மட்டும் விட்டுவைப்பானேன்? காணியையும் கரையையும் கொடுத்த மக்கள், கொடுத்ததில் ஒரு துண்டைத்தான் திரும்பக் கேட்கின்றனர். அடுத்த பெருநாளுக்குள் அதிகார சபையின் விடை என்ன?